சிவப்புக் கோடு போட்ட டம்ளர்

அந்தப் படத்துல இருக்குறது டீ டம்ளர்தான். டம்ளரு, அதுக்குள்ள அரக்கு நெறத்துல டீ, மேல ஆவி போற மாதிரி மூணு நெளிவு, எல்லாத்துக்கும் குறுக்கால சிவப்புல பெரிய பெருக்கல் குறி. பக்கத்துல மாத்திரை அட்டை ஒண்ணு, கீழ ஏதோ எழுத்து. இந்தச் சுவத்துல இதே எடத்துல மூணு வருசமா ஒட்டியிருக்கு. நான் இதுக்கு நேரா இதே பெஞ்சுல எத்தனை புதன்கிழமை உக்காந்திருப்பேன்! எனக்கு எழுத்துதான் தெரியாது, கண்ணு தெரியும்ல. தெரிஞ்சு என்ன பிரயோசனம். ஆஸ்பத்திரிக்குள்ள டீ கொண்டு வராதேன்னு போட்டிருக்காங்கன்னுல்ல நான் நெனச்சேன். பஸ்ஸ்டாண்டுல பீடி படத்துக்கு மேல இதே மாதிரிதானே சிவப்புக் கோடு போட்டிருக்கான், பீடி குடிக்காதேன்னு. அதே கணக்குதான் இதுவும்னு நெனச்சு, ஒவ்வொரு தடவையும் பிளாஸ்க்கை வெளியே செருப்புக்குப் பக்கத்துல வச்சுட்டு மரியாதையா உள்ள வருவேன். இப்பவும் அங்கதான் இருக்கு. ஒரு தடவை எங்க எஸ்டேட்டு லைன் வீட்டு வரிசையில இருக்குற சொர்ணம் டீயோட உள்ள வந்துட்டான்னு, படம் போட்டிருக்குல்ல கண்ணு தெரியலயான்னு அவளை விரட்டி விட்டவ நான். அந்தப் பவுசு எனக்கு. எஸ்டேட்டுல முப்பது வருசமா கொழுந்து பறிக்குறேன், வேணும்ங்குற அளவுக்கு டீ குடிச்சிருக்கேன், டீயைப் பத்தி எவளும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லைன்னு இருந்தேன்.

கால் மணி நேரம் இருக்குமா நர்சம்மா சொல்லி? இருக்கும். புதுசா மாத்தி வந்த ஹேமலதா நர்சம்மா. என் மருமக அனுசு கையில நரம்பு தேடிக்கிட்டே, மாத்திரை எதோட போடுறம்மான்னு சும்மாதான் கேட்டாங்க. டீயோடதான், எங்க அத்தை கையால தருவாங்கன்னு இவ சொன்னா. மருமக எம்பேரை மூணாம் மனுசங்ககிட்ட நல்லவிதமா சொன்னது ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான். எனக்கு ஒரு நிமிசம் குளுகுளுன்னுகூட இருந்துச்சு. அப்புறம் அந்தம்மா அந்தப் படத்தைக் கையைக் காட்டுனாங்க. டீயோட போட்டா மாத்திரையில இருக்குற இரும்பு உடம்புல சேராதும்மா, டீ அதைப் புடிச்சுக்கிட்டு வெளிய போயிரும், முன்னால பின்னால ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது, எலுமிச்சந் தண்ணியோட போடு, நெல்லிக்கா கெடச்சாக் கடின்னாங்க. கோவமெல்லாம் இல்ல. எல்லாருக்கும் சொல்றாப்புல சொல்லிக்கிட்டே ஊசியைக் குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, பாட்டிலைக் கம்பியில மாட்டிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க. அனுசு கேட்டாளா இல்லையான்னு தெரியல. ஊசின்னா கண்ணை இறுக்கி மூடிக்குவா, கண்ணோட காதும் மூடிக்கும்போல. மூடுன கண்ணு அப்படியே தூங்கிப் போச்சு. அந்தப் பாட்டில்ல இருக்குறதும் டீ நெறத்துலதான் இருக்கு. பால் ஊத்தாத கடுங்காப்பி நெறம், இல்ல, ரெண்டாந் தடவை கொதிக்க வச்ச சாயத்தண்ணி நெறம். இரும்புச் சத்து மருந்தாம். சொட்டு சொட்டா எறங்குது. அது முடிய அரை மணி நேரம் ஆகும்னு சொல்லியிருக்காங்க. அரை மணி நேரம் நான் இந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும்.

ஏன் டீயோட குடுத்தேன்? வெறும் வயித்துல போடாதீங்க, கொமட்டும்னு பழைய நர்சு சொல்லுச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு. வெறும் வயித்துல போடக் கூடாதுன்னா என்ன பண்ணுவோம்? காலையில ஏழரைக்கெல்லாம் பேரு கூப்பிடுற எடத்துல நிக்கணும். அதுக்குள்ள சோறா பொங்க முடியும். டீயும் பன்னும்தான் எங்களுக்கு விடியக்கால வயித்தை ரொப்புறது. நான் கல்யாணமாகி மலை ஏறி வந்த நாள்லருந்து அப்படித்தான். பசிச்சா டீ, தலை சுத்துனா டீ, மழையில நனைஞ்சு வந்தா டீ, அழுதா டீ. எஸ்டேட்டுல குடுக்குற தூளு, நல்லா வெறைப்பா எறங்கும். அதுலயும் அனுசுக்குன்னா ஒரு கரண்டி கூடப் போட்டுத்தான் கொதிக்க வைப்பேன். பாலும் சேத்து ஊத்துவேன். பிள்ளைத்தாச்சி, தெம்பா இருக்கணுமேன்னு. தட்டுல பன்னு, பன்னு மேல அந்தச் சிவப்பு மாத்திரை, பக்கத்துல டம்ளர். சாமிக்குப் படைக்குற மாதிரி ஒரு நாள் தவறாம வச்சேன். எனக்கு அந்த மாத்திரை மேல அவ்வளவு நம்பிக்கை. ஏன் இருக்காது? என் மவன் தினகரனுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போயிருக்கு. ஒண்ணு மூணாம் மாசம். இன்னொண்ணு அஞ்சாம் மாசம், பதினேழாம் நம்பர் தேயிலைக் காட்டுல, கொழுந்து மூட்டை தலையில இருக்கும்போதே. செடிக்கு நடுவுல உக்காந்தேன், உக்காந்த எடம் நனைஞ்சுச்சு. மேஸ்திரி கொஞ்ச நேரம் இருந்துட்டு வான்னான். யாரோ சூடா டீ குடுத்தாங்க, சர்க்கரை தூக்கலா. குடிச்சேன். மலைத் தண்ணி ஒத்துக்கலன்னு சொன்னாங்க, அவ்வளவுதான், அதுக்கு மேல யாரும் ஒண்ணும் பாக்கல. எனக்கு எவளும் கண்ணு ரெப்பையை எறக்கிப் பாக்கல, மாத்திரை குடுக்கல. அதனாலதான் இவளுக்கு அட்டை அட்டையாக் குடுத்தப்ப எனக்கு ஒரே சந்தோசம். இந்த மாத்திரை எனக்குக் கெடச்சிருந்தா அந்த ரெண்டும் இருந்திருக்கும்னு நெனச்சுக்குவேன். கெடச்சிருந்தாலும் என்ன, அதையும் டீயிலதான போட்டிருப்பேன்.

சொட்டு இப்ப மெதுவா விழுதா? இல்ல, நான்தான் பாத்துட்டே இருக்கேன். பாத்துட்டே இருந்தா எதுவும் நகராது. இவ ஒதட்டைப் பாரு, வெளுத்துப் போயிக் கெடக்கு. நகமும் அப்படித்தான். ஆறாம் மாசம் நடக்குது, வயிறு சின்னதாத்தான் இருக்கு. போன வருசம் முதப் பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்தா. நாலாம் மாசம் ரத்தம் எட்டரை இருக்குன்னாங்க, மாத்திரை போட்டா பத்துக்கு மேல ஏறிரும்னாங்க. ஆறாம் மாசம் பாத்தா ஏழே முக்கால். ஏறல, எறங்கியிருக்கு. பழைய நர்சு இருக்குற சனத்துக்கு முன்னாடி என்னைத்தான் கேட்டுச்சு. மாத்திரையை வாங்கிட்டுப் போயிக் கோழிக்கா போடுறீங்கன்னு கேட்டுச்சு. எனக்கு மானம் போச்சு. ஒரு நாளு விடாம குடுத்தவளுக்கு எப்படி இருக்கும்? நான் குடுத்தது நிசம். ரத்தம் ஏறாததும் நிசம். அப்ப நடுவுல என்ன நடந்திருக்கும்? இவ துப்பியிருக்கணும். அதைத் தவிர வேற என்ன இருக்குன்னு என் புத்திக்கு அன்னைக்குத் தோணல. மாத்திரை போட்டா பிள்ளை கருப்பாப் பொறக்கும்னு லைன்ல ஒரு பேச்சு ஓடுது, அதைக் கேட்டுட்டு இவ நாக்குக்கு அடியில ஒதுக்கி வச்சு, பின்னால போயித் துப்பிருறான்னு முடிவு பண்ணேன். துப்பலத்தே, சத்தியமாத் துப்பலன்னா. அவ பெத்தவ மேல சத்தியம் பண்ணா. எனக்கு வெளிக்குக் கருப்பாத்தான் போகுது, மாத்திரை போட்டா அப்படித்தானே போகும்னுகூடச் சொன்னா. கல்யாணம் பண்ணி ஒரு வருசம்கூட ஆகாத பொண்ணு மாமியாகிட்டச் சொல்லக் கூசுற சங்கதி அது, அதைச் சொல்லித்தான் நிரூபிக்கணும்னு ஆயிருச்சு அவளுக்கு. யாரு போயிப் பாத்தான்னு கேட்டேன் நான். சிரிச்சுக்கிட்டே கேட்டேன். இப்ப நெனச்சா அந்தச் சிரிப்புதான் என்னை அறுக்குது.

அதுக்கப்புறம் நான் பண்ணது இருக்கே. தெனமும் காலையில மாத்திரை போட்டதும் வாயைத் தொறன்னுவேன். தொறப்பா. நாக்கைத் தூக்குன்னுவேன். தூக்குவா. அப்பவும் மனசு கேக்காம விரலை விட்டுத் தடவிப் பாப்பேன், ஆட்டுக்கு மருந்து ஊத்திட்டுப் பாக்குற மாதிரி. வாசல்ல வச்சுத்தான், எல்லாரும் போய் வர்ற நேரம். அப்புறம் முழுங்கிட்டாளா, உள்ள எறங்கட்டும்னு இன்னும் அரை டம்ளர் டீ ஊத்திக் குடுப்பேன். ரெண்டு மாத்திரையாக் கூட்டுனாங்க. ரெண்டுக்கும் டீ. ராத்திரி கேப்பைக் களியும் முருங்கைக் கீரையும் ஆக்கிப் போட்டுட்டு, அது செரிக்கட்டும்னு அதுக்கும் மேல ஒரு டீ. பேரீச்சம்பழம் குடுத்து, இனிப்புக்குத் தோதா டீ. எந்தப் பக்கமும் விடல நான். எதிரி வந்து பண்ணியிருந்தாக்கூட ஒரு வேளை ரெண்டு வேளை மறந்திருப்பான். பாவிப் பொண்ணு ஒரு தடவைகூட டீ வேண்டாம்னு சொல்லல. வேண்டாம்னா மாத்திரையத்தான் வேண்டாங்குறான்னு நான் சண்டைக்கு வருவேன்னு பயந்திருப்பா.

ஏழாம் மாசம் முடியல, வலி வந்துச்சு. ஆடி மாசம், சரியான மழை. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணா எறங்குனோம். ஒவ்வொரு வளைவுக்கும் என் கையைப் புடிச்சா. நகம் பதியுற அளவுக்குப் புடிச்சா. அப்ப என்மேல கோவம் இல்ல அவளுக்கு. பொம்பளைப் பிள்ளை. ஒரு கிலோ இருநூறு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க. கையில நீளநீளமா விரலு, அதை மட்டும் நான் பாத்தேன், என் வீட்டுக்காரருக்கு இருந்த விரலு மாதிரியே. அவரு போயி ஆறு வருசம் ஆச்சு, அந்த விரலு திரும்பி வந்திருக்குன்னு நெனச்சேன். ஒம்பது நாளுதான் இருந்துச்சு. பேரு வைக்கல. டாக்டரு இவ சீட்டைப் பாத்துட்டு, ஒடம்புல ரத்தமே இல்லாம எப்படிம்மா விட்டீங்கன்னு கேட்டாரு. தினகரன் என்னைப் பாத்தான். நான் அனுசைப் பாத்தேன். அவ்வளவுதான், வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லல. பாத்தேன். என் மவன் அந்தப் பார்வையைப் புரிஞ்சுக்கிட்டான். இன்னைக்கு வரைக்கும் அவன் அவகூடச் சிரிச்சுப் பேசி நான் பாத்ததில்ல. வேலைக்குப் போறான், வர்றான், சம்பளத்தைக் குடுக்குறான். அவன் கெட்டவன் இல்ல. நான் சொல்லிக் குடுத்ததை நம்பிக்கிட்டு இருக்கான்.

அந்தக் குழாயடி. நெனப்புல அங்க போகாம இருக்கலாம்னு பாக்குறேன், மனசு அங்கதான் சுத்தி வந்து நிக்குது. பிள்ளையைச் சரிவுல புதைச்சு மூணாம் நாளு. இவ தண்ணி புடிக்க வந்தா. நான் போகச் சொல்லல, அவளா வந்தா, வீட்டுக்குள்ள இருக்க முடியாம வந்திருப்பா. பால் கட்டிக்கிட்டு, வத்தட்டும்னு மல்லிப்பூ வச்சுத் துண்டால இறுக்கிக் கட்டியிருந்துச்சு. அப்படியும் ஜாக்கெட்டு நனைஞ்சு கெடந்துச்சு. சொர்ணம் நின்னா, இன்னும் அஞ்சாறு பொம்பளைங்க நின்னாங்க. எப்படி மாரியக்கா இப்படி ஆச்சுன்னு யாரோ ஒருத்தி கேட்டா. என்கிட்டத்தான் கேட்டா. ஒம்பது நாளு பாத்த பிள்ளை. நான் சொன்னேன், மாத்திரையைத் துப்புன மாதிரி என் பேத்தியையும் துப்பிட்டாடி இவன்னு. நல்லாச் சத்தமாச் சொன்னேன். அனுசு குடத்தை வச்சுட்டு நின்னா. தண்ணி ரொம்பி வழிஞ்சுச்சு, வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் குழாயை மூடல. அவ அழுதிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். குடத்தைத் தூக்கி இடுப்புல வச்சுட்டு வீட்டுக்கு நடந்துட்டா. பச்ச ஒடம்புக்காரி, நெறகுடத்தோட. அன்னையிலருந்து லைன்ல அவளுக்கு அதுதான் பேரு. யாரும் முகத்துக்கு நேரா சொல்லல, ஆனா ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்குவாங்க, மாத்திரை துப்புனவன்னு.

பாதிக்கு மேல எறங்கிருச்சு பாட்டிலு. யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்கு இப்பத் திரும்பத் திரும்ப வர்ற நெனப்பு. நர்சம்மா புதுசு, போன வருசத்துக் கதை அவங்களுக்குத் தெரியாது. அனுசு தூங்குறா. தெரிஞ்சது எனக்கு மட்டும்தான். நாளைக்குக் காலையில எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு குடுத்தாப் போச்சு. ஏன் அத்தே டீ இல்லையான்னு கேட்டா, நர்சம்மா மாத்தச் சொன்னாங்கன்னு சொல்லிட்டாப் போச்சு. இந்தப் பிள்ளை நல்லபடியாப் பொறந்துட்டா எல்லாம் தானா மறந்து போகும். எனக்கும் வயசாச்சு, மிச்ச காலத்தை நல்ல பேரோட ஓட்டிட்டுப் போயிரலாம். ஆனா மறந்து போகுமா? எனக்கு அஞ்சாம் மாசம் போனதை எவன் மறந்தான்? நான் மறந்தேனா? இந்தப் பிள்ளை பொறந்தா மட்டும் லைன்காரிங்க என்ன சொல்லுவாளுங்க, இந்தத் தடவை துப்பல, அதனால தங்குச்சுன்னு சொல்லுவாளுங்க. பிள்ளை ஆரோக்கியமா இருக்க இருக்க, போன பிள்ளை பழி இவ மேல இன்னும் இறுகும். அப்படித்தான் அது போகும். அதோட, டீயினாலதான் போச்சுன்னு யாரு கண்டா? எத்தனையோ பேரு டீயோடதான் போடுறாங்க, பெத்துக்குறாங்க. மழை, வளைவு, தண்ணிக்குடம் தூக்குனது, எதுவா வேணாலும் இருக்கலாம்ல. இருக்கலாம். ஆனா இதை நான் அன்னைக்கு அவளுக்குச் சொன்னேனா? எதுவா வேணாலும் இருக்கலாம்டின்னு ஒரு வார்த்தை சொன்னேனா? எனக்குன்னு வரும்போது மட்டும் மழையும் வளைவும் ஞாபகம் வருது.

நர்சம்மா பாட்டிலைப் பாக்க வந்தாங்க. நான் எந்திரிச்சு நின்னேன். கேக்கணும்னு நெனச்சு நிக்கல, காலு தானா நின்னுச்சு. மெதுவாத்தான் கேட்டேன். போன வருசமும் இவளுக்கு டீயோடதான் குடுத்தேன், ஏழாம் மாசத்துல பிள்ளை வந்து தங்கல, அதனாலதானா தாயின்னு கேட்டேன். இதுதான் காரணம்னு ஒண்ணைச் சொல்ல முடியாதும்மா, ஆனா ரத்தம் ஏறாததுக்கு இது ஒண்ணே போதும்னாங்க. அவ துப்பியிருப்பாளோன்னு கேட்டேன். அது மட்டும் எப்படி வாய்ல வந்துச்சோ, இவ்வளவுக்கு அப்புறமும் ஒரு ஓட்டை தேடுது மனசு. துப்பவே வேண்டாம்மா, ஒழுங்கா முழுங்குனாலே டீ எடுத்துட்டுப் போயிருமேன்னாங்க. அப்புறம் என் கன்னத்தைப் புடிச்சுக் கண்ணு ரெப்பையைக் கீழ எறக்கிப் பாத்தாங்க. உங்களுக்கும் ரத்தமே இல்ல, வெளுத்துக் கெடக்கு, இத்தனை வருசமா யாரும் பாக்கலையான்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. எனக்கு யாரும் பாக்கலைங்குறதுக்காக வந்த அழுகை இல்ல. இல்ல, அதுக்கும் சேத்துத்தான் வந்துச்சு, பொய் எதுக்கு.

பாட்டில்ல அடியில ஒரு விரற்கடை இருக்கு. அனுசு கண்ணைத் தொறந்துட்டா. நான் முந்தானையால மூஞ்சியத் தொடைக்குறதைப் பாக்குறா. என்னத்தேன்னு கேக்கல. அவ எங்கிட்ட எதையும் கேக்குறதை விட்டு ஒரு வருசம் ஆச்சு. சொல்றதுன்னா இப்பச் சொல்லணும். வீட்டுக்குப் போனா அடுப்பு வேலை வரும், தினகரன் வருவான், நாளைக்குப் பாத்துக்கலாம்னு தோணும். என்னை எனக்குத் தெரியாதா. ஊசியைக் கழட்டிட்டு, பஞ்சை வச்சு அமுத்திக்கம்மான்னு சொல்லிட்டு நர்சம்மா போனதும் சொன்னேன்.

"அனுசு, நீ துப்பல."

அவளுக்குப் புரியல. மூஞ்சியில ஒரு பயம் வந்துச்சு, மறுபடியும் ஏதோ ஆரம்பிக்குறேன்னு நெனச்சிருப்பா. நான் எல்லாத்தையும் சொன்னேன். படத்தைக் காட்டுனேன். டீயைச் சொன்னேன், பழைய நர்சு வெறும் வயித்துல போடாதேன்னதைச் சொன்னேன், இப்ப இந்தம்மா சொன்னதைச் சொன்னேன். நான்தான் குடுத்தேன், தூளு ஒரு கரண்டி கூடப் போட்டு நான்தான் குடுத்தேன்னு சொன்னேன். எங்கயும் நிறுத்தல. நிறுத்துனா அழுதுருவேன், அழுதா அவ என்னைத் தேத்த வேண்டியதாயிரும், அது கூடாதுன்னு இருந்துச்சு. அவ படத்தையே பாத்துட்டு இருந்தா. இவளுக்கு எழுத்துத் தெரியும், பத்தாவது வரைக்கும் படிச்சவ. ஆனா சோதனைக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்து குனிஞ்சுக்கிட்டே போவா. எங்க இருந்து சுவத்தைப் பாக்குறது.

"ஒரு நாளு வாந்தி வந்துருச்சு அத்தே," அப்படின்னா. "அஞ்சாம் மாசத்துல. நீங்க வேலைக்குப் போன பொறவு. மாத்திரை அப்படியே முழுசா வந்துருச்சு. வேற மாத்திரை எடுத்தா எண்ணிப் பாப்பீங்கன்னு பயந்து எடுக்கல. அந்த ஒரு மாத்திரையிலதான் பாப்பா போயிட்டான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

ஒரு மாத்திரை. ஒரு வருசமா ஒரே ஒரு மாத்திரையை நெஞ்சுல வச்சுக்கிட்டு என் பக்கத்துலயே படுத்து எந்திரிச்சிருக்கா. நான் நூத்துக்கணக்குல டீயில கரைச்சு வீணாக்குனவ, நிம்மதியாத் தூங்கியிருக்கேன். எனக்கு அவ காலைப் புடிக்கணும்போல இருந்துச்சு. புடிக்கல. நான் காலைப் புடிச்சா அவ எந்திரிங்கத்தேன்னு சொல்லித்தான் ஆகணும், மன்னிச்சேன்னு சொல்லித்தான் ஆகணும். பஞ்சை அமுத்தியிருந்த அவ கை மேல நான் என் கையை வச்சு அமுத்திக்கிட்டேன். தட்டி விடல. அப்புறம் அவ கண்ணைத் தொடைச்சுட்டு, வெளியப் பாத்துக்கிட்டே ஒண்ணு சொன்னா.

"வராண்டாவுல சொர்ணமக்கா இருக்காங்க."

அவ்வளவுதான் சொன்னா. கேக்கல, கெஞ்சல. எனக்குப் புரிஞ்சுச்சு. வராண்டாவுல சொர்ணம் மட்டுமா இருக்கா, புதன்கிழமை, எங்க லைன்ல இருந்து நாலு பேரு, எஸ்டேட்டுல பக்கத்து டிவிசன்காரிங்க மூணு நாலு பேரு. குழாயடியில நின்னதுல பாதிப் பேரு. அந்தக் கதவுக்கும் எனக்கும் நடுவுல பத்தடிகூட இருக்காது. பதினேழாம் நம்பர் காட்டுல இருந்து ரத்தம் ஒழுக ஒழுக நடந்து வந்திருக்கேன், அதுகூட இவ்வளவு தூரமாத் தெரியல. தினகரனுக்கு வேற சொல்லணும். அன்னைக்கு நான் அனுசைப் பாத்தேனே ஒழிய வாயால சொல்லல, அதுக்காக அது பழி இல்லைன்னு ஆயிராது. பார்வையில குடுத்ததை வாயால திருப்பி வாங்கணும். அது சாயங்காலம். இது இப்ப.

வெளிய வந்தேன். சொர்ணம் பெஞ்சுல தள்ளி உக்காந்து எடம் விட்டா. முடிஞ்சுச்சா மாரியக்கா, குளுருது, உன் பிளாஸ்க்குல டீ இருக்கான்னு கேட்டா. செருப்புக்குப் பக்கத்துல என் பிளாஸ்க்கு அப்படியே இருக்கு. இருக்குன்னேன். குடுக்குறேன், அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும், எல்லாரும் கேளுங்கன்னேன். அப்புறம் சத்தமாச் சொன்னேன், அன்னைக்குக் குழாயடியில எந்தச் சத்தத்துல சொன்னேனோ அதே சத்தத்துல.

"என் மருமக மாத்திரை துப்பல. நான்தான் டீயோட குடுத்தேன். டீ அந்த மருந்தைப் பிள்ளைக்குச் சேர விடாதாம். நான் அன்னைக்குச் சொன்னது பொய்."

பக்கத்து டிவிசன்காரி ஒருத்தி, அவளும் ஏழு மாசம் இருக்கும், கையில இருந்த டீயை மெல்லக் கீழ வச்சா. அனுசு கதவுகிட்டப் பஞ்சைப் புடிச்சுக்கிட்டு நின்னா. நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமக் கேட்டுட்டு நின்னா. தெரியாமத்தானே குடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு நெனச்சேன். சொல்லல. இன்னும் ஒரு தடவை சொல்லுங்கத்தேன்னா.